பத்தில் ஒன்று முளைத்தது

அத்தியாயம் 12

ஈரத்துணியை மோகனப்ரியா மெதுவாக விரித்தாள். பத்து வெண்டை விதைகள். துணியில் சுற்றி வைத்து இன்றோடு ஐந்து நாள். ஒன்று மட்டும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. மற்ற ஒன்பதும் உப்பிப்போய், விரல் பட்டதும் தோல் கழன்று வந்தன.

மறுபடியும் எண்ணினாள். எத்தனை முறை எண்ணினாலும் ஒன்றுதான்.

நல்ல விதை என்றால் பத்தில் ஏழாவது முளைக்க வேண்டும் என்று அந்தக் குடியிருப்புப் பெண்களுக்குச் சொன்னவளே அவள்தான். கவரில் தேதி பார்க்க வேண்டும். சுருங்கினதையும் ஓட்டை விழுந்ததையும் ஒதுக்க வேண்டும். நாற்றாக வாங்கினால் நெடுநெடுவென்று நிற்பதை விட்டுவிட்டு, குட்டையாகத் தண்டு தடித்ததை எடுக்க வேண்டும். தையல் கம்பெனிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் கைபேசியில் படித்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எர்ணாவூரில் அந்தக் குடியிருப்பைச் சுற்றியுள்ள மண்ணில் சாம்பலும் எண்ணெயும்தான். அதில் முளைக்கிற கீரையைக் கழுவினால் தண்ணீர் கறுக்கும். அதனால்தான் மாடி, பைகள், வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண். சென்ற தை மாதத்தில் பதினெட்டு வீடுகள் சேர்ந்து போட்ட தோட்டம் நன்றாகவே காய்த்தது. எண்ணூர்க் காற்றில் இப்படி ஒரு பச்சை நிற்கும் என்று யாரும் நம்பியிருக்கவில்லை.

இந்த ஆடிக்கு எல்லாரும் வெண்டையே கேட்டார்கள். விதை வாங்கும் பொறுப்பை ப்ரியா தன் தம்பி திலீப்பிடம் கொடுத்தாள். கொடுத்தபோது மூன்றாவது வீட்டு மலர் ஒரு சிரிப்பு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் இருந்தது.

மூன்று வருடம் முன்பு அப்பா சுப்புராயனின் வலைகளை யாருக்கும் தெரியாமல் விற்றுவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்று அழுதவன் திலீப். அப்பா பக்கத்து வீட்டுக்காரனைச் சட்டையைப் பிடித்து அடித்தார். உண்மை தெரிந்த பிறகு அவர் மகனிடம் பேசுவதை நிறுத்தினார். புது வலையை அவரே வாங்கி, அவரே கோத்து, மூன்று வருடமாக ஒரு வார்த்தை இல்லை.

எட்டு மாதமாக திலீப் தண்டையார்பேட்டையில் ஒரு விதைக்கடையில் வேலை செய்கிறான். நேரத்துக்குப் போகிறான், நேரத்துக்கு வருகிறான். போன வாரம், கை கழுவிவிட்டு எழுந்த அப்பா சுவரைப் பார்த்தபடி, "சாப்டியா?" என்று கேட்டார்.  திலீப் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டேதான் ப்ரியா ஈரத்துணியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"இன்னா ப்ரியா, எதுனா வந்துச்சா?"

மலர். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். விதை ஊன்றிப் பதினான்கு நாள் ஆகிவிட்டது. பதினெட்டு வீட்டுப் பைகளிலும் ஓரிரு முளை தவிர வெறும் மண்.

ப்ரியா துணியைக் காட்டினாள்.

மலர் எட்டிப் பார்த்தாள். "நான் அன்னிக்கே சொல்லல?"

வராந்தா கம்பியில் வலையின் ஒரு முனையைக் கட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார் அப்பா. நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கையிலிருந்த வலை ஊசி நின்றிருந்தது.

தலையில் ஈரத்தோடு திலீப் வெளியே வந்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு ஒன்பது மணிக்கே போக வேண்டும்.

"இன்னாக்கா, கும்பலா கீது?"

"டேய், இந்த விதை எங்க எட்த்த?"

"கடைலதான்."

"கடைல எதுலேர்ந்துன்னு கேக்கறேன்."

"புது மூட்டைலேர்ந்து. நான்தான் அளந்து கவர்ல போட்டேன். ஏன்?"

"பத்துல ஒண்ணு மொளைச்சிகீது."

அவன் சிரித்தான். "சும்மா இருக்கா. அந்த லாட்டு பத்துக்கு ஒம்போது வந்துகினு கீது."

ப்ரியா தன் வீட்டுக் கவரை எடுத்து வந்தாள். பாதி விதை இன்னும் அதில் மீதி இருந்தது. "இத பாரு. தேதி எழுதின எடம் அழிஞ்சி கீது. எல்லார் கவரும் அப்டித்தான். ஏன் அழிச்ச?"

"நான் அழிக்கல."

"கடைல பின்னு அடிச்சித் தருவாங்கன்னு சொன்ன. இதுல சோத்துப் பசை போட்டு ஒட்டிகீது. பின்னு குத்தின ஓட்டை அப்டியே கீது. பிரிச்சி, உள்ள மாத்திட்டு, ஒட்டிக்கீற."

"யக்கா, நான் எதுக்கு..."

"வலைய வித்தவன் வெதைய வுடுவானா?" என்றாள் மலர். யாரோ ஒருத்தி சிரித்தாள். "பெத்த அப்பனுக்கே நாமம் போட்டவன். நாங்க எம்மாத்திரம்?"

திலீப் கவரை வாங்கினான். கிட்டப்பார்வைக்காரன் மாதிரி அதை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். 

பிறகு நிமிர்ந்து ப்ரியாவைத் தாண்டிப் பார்த்தான். வாசலில் அம்மா மங்கை மீன்கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள்.

"அடுப்புல சோறு கீது," என்று யாரிடமோ சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

திலீப் கவரை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தான்.

"ஆமா. பழசுதான் போட்டேன். போதுமா?"

அவன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வான் என்று ப்ரியா எதிர்பார்க்கவில்லை. சண்டை போடுவான், சத்தியம் பண்ணுவான், அழுவான் என்று நினைத்திருந்தாள். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். 

"கேட்டீங்களாடி, அவன் வாயாலயே சொல்ட்டான்!" மலர் கைபேசியை எடுத்துவிட்டாள். கவரில் கடையின் நம்பர் அச்சாகியிருந்தது.

அப்பா வாயால் நூலைக் கடித்து அறுத்தார்.

"இவனப் போயி சாப்டியான்னு கேட்டேன் பாரு," என்றார். வலையிடம் சொன்னது போலத்தான் இருந்தது.

திலீப் படியிறங்கிப் போனான். பை எடுத்துக்கொள்ளவில்லை. தலைகூடத் துவட்டவில்லை.

*

பதினோரு மணிக்கு ப்ரியா தண்டையார்பேட்டையில் இறங்கினாள். கையில் அந்தக் கவர். கோபம் குறையவில்லை. பதினெட்டு வீட்டுக்கும் மாற்று விதை கேட்டு வாங்கிவிட வேண்டும், ஆடி முடிவதற்குள் மறுபடி ஊன்றிவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

வரிசை வரிசையாகக் கோணிப்பைகள் அடுக்கிய கடை. முதலாளி செல்வநாதன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"திலீப்போட அக்காவாம்மா?"

"ஆமாங்க."

"உன் தம்பி பத்து மணிக்கு வந்து சாவிய வெச்சிட்டுப் போய்ட்டான். பழைய விதைய நான்தான் மாத்தினேன், கடைக்கு சம்பந்தம் இல்லன்னு சொன்னான். அதுக்கு முன்னாடியே ஒரு அம்மா போன் பண்ணி, கடை வாசல்ல திருட்டுக் கடைன்னு போர்டு எழுதி வெக்கறேன்னு ஒரே சத்தம். நான் இன்னா பண்றது? சரி, போப்பான்னேன்."

"மாத்து விதை தருவீங்களா?"

"தரேன். அது இருக்கட்டும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு ஒண்ணு புரியலம்மா. பழைய விதைன்றான். என் கடைல பழைய விதை எங்க கீது, மாத்தறதுக்கு? தேதி போனத நானே மூட்டையோட திருப்பி அனுப்பிடுவேன்."

கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டு இருந்தது. அதில் ஈரமான சாக்குத்துணி. துணியைத் தூக்கிக் காட்டினார். வெண்டை முளைகள் நெருக்கமாக, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

"இதே மூட்டைதான். ஒவ்வொரு மூட்டை வந்ததும் திலீப்தான் இப்டிப் போட்டுப் பாப்பான். 'எங்க அக்கா கத்துக் குட்த்தது'ம்பான். அந்தக் கவர இப்டி குடு."

விதைகளை ஒரு காகிதத்தில் கொட்டினார். உருட்டிப் பார்த்தார். ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே பால் நிறம் இல்லை. பழுப்பாக இருந்தது.

"இது பழசு இல்ல. வெந்து போய்கீது." காகிதத்தைத் தூக்கி முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா இது, கருவாட்டு நாத்தம் அடிக்குது?"

ப்ரியா குனிந்தாள்.

விதைகளுக்கு நடுவில் ஒரு சின்ன மினுமினுப்பு. விரலில் ஒட்டி எடுத்தாள். மெலிசான, வட்டமான செதில். கவலை மீனின் செதில். அவள் பிறந்ததிலிருந்து வீட்டில், பாயில், பாவாடையில், சோற்றில் பார்த்த செதில்.

திலீப் காலையில் கவரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அவன் கண்ணால் பார்க்கவில்லை, முகர்ந்திருக்கிறான்.

"திலீப் எங்க போனான்னு சொன்னானா?"

"இல்லம்மா. மாத்துக் கவர் பதினெட்டையும் அவனே கட்டி வெச்சிட்டுத்தான் போனான்."

ஒவ்வொரு கவரிலும் ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர். அவன் கையெழுத்து. மேலே மலரின் பெயர்.

*

மொட்டை மாடியில் வெயில் கொதித்தது. தகரங்களை வரிசையாகப் போட்டு அம்மா கருவாடு காயவைத்திருந்தாள். ஒரு மூலையில் பதினெட்டு வீட்டுப் பைகள், முளைக்காத மண்ணோடு.

அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ப்ரியா வந்து நின்ற பிறகும் நிமிரவில்லை. ப்ரியா விரலை நீட்டினாள். செதில் அதில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"விதைக் கவர்ல இருந்துச்சிம்மா."

அம்மாவின் கை ஒரு கருவாட்டின் மேல் அப்படியே நின்றது.

"மழ பேஞ்சிச்சி இல்ல, அன்னிக்கி," என்றாள். "நீ கவருங்கள ஜன்னலாண்ட வெச்சிட்டு கம்பெனிக்கிப் பூட்ட. சாரல் அடிச்சி எல்லாம் நனைஞ்சி பூட்ச்சி. எழுத்துலாம் அழிஞ்சி பூட்ச்சி. நீ வந்தா கத்துவ. அதான் பிரிச்சி காய வெச்சேன்."

"எங்க?"

"இங்கதான்."

"தகரத்து மேலயா?"

"ரெண்டு நாளு. நல்லா மொறுமொறுன்னு காஞ்சிச்சி." அம்மாவின் குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை இருந்தது. "ஒவ்வொருத்தி பேருக்கும் தனித்தனியா குமிச்சி வெச்சி, கலந்துடக் கூடாதுன்னு பக்கத்துலயே குந்திகினு காக்கா ஓட்டினேன். அப்புறம் பசை போட்டு ஒட்டினேன். ஈரம் பட்டா வெயில்ல போடணும். எனக்கு அதானே தெரியும்?"

ப்ரியா குனிந்து தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். மீனுக்கு இந்தச் சூடு வேண்டும். ஈரத்தில் ஊறின விதைக்கு இது சாவு. பார்க்க எதுவும் தெரியாது. மேல் தோல் அப்படியே பளபளப்பாக இருக்கும்.

இதை அவள் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். விதையை நிழலில் காயவைக்க வேண்டும். பதினெட்டு வீட்டுக்கும் சொன்னாள். கூடையை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போகிற அம்மாவுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மாவிடம் யாரும் தோட்டத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

"செரி, தெரியாம பண்ண," என்றாள் ப்ரியா. "காலைல ஏம்மா சொல்லல? நீ வாசல்ல நின்னுகினு இருந்த."

அம்மா இன்னொரு கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

"அவனுக்குத் தெரிஞ்சி பூட்ச்சி. உன்னப் பாத்தான். நீ உள்ள பூட்ட."

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

அம்மா புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உப்பு கண்ணில் பட்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"அம்மாம் பேரு நின்னாங்க. நான் முப்பது வருசமா இவளுங்களுக்கு மீன் போடறேன். நேத்து மீனுன்னா நேத்து மீனுன்னு சொல்லித்தான் குட்த்துகீறேன். ஒருத்தி என்ன ஒரு சொல்லு சொன்னது இல்ல. இன்னிக்கி மலரு வாய்ல நான் வுழணுமா?" அவள் நிறுத்தினாள். அடுத்ததைச் சொல்லும்போது குரல் சின்னதாகிவிட்டது. "அவனுக்குத்தான் ஏற்கெனவே அந்தப் பேரு கீதே. அதோட இதுவும் ஒண்ணுன்னு..."

ப்ரியாவுக்கு உடனே கத்த வேண்டும் போல இருந்தது. வாய் திறந்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, காலையில் தேதி அழிந்த கவரைப் பார்த்ததும் அவளும் இதையேதான் நினைத்தாள். வேறு யாராக இருந்தாலும் முதலில் கேட்டிருப்பாள். அவனிடம் அவள் கேட்கவில்லை. அவன்தான் செய்தான் என்று அவனுக்கே சொன்னாள்.

கைபேசி அதிர்ந்தது. திலீப்பின் குரல் செய்தி. பின்னால் லாரிகளின் இரைச்சல். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா கேட்கட்டும் என்றுதான் போட்டாள்.

"அக்கா, நான் காட்டுப்பள்ளி பக்கம் ஒரு தோஸ்த்து கூட வேலைக்குப் போய்கினு கீறேன். ரூம்லாம் அங்கயே தரானுங்க. மாத்துக் கவர் முதலாளியாண்ட கட்டி வெச்சிகீறேன், வாங்கிக்கோ. வாங்கும்போது தேதி பாத்து வாங்கு." ஒரு லாரி கடந்தது. "அப்புறம்... விதை நனைஞ்சா நெழல்ல காய வெக்கணும். யார்னா கேட்டா சொல்லு. நைனாகிட்ட ஒண்ணும் சொல்ல வாணாம். வெச்சிட்றேன்."

அவள் திரும்பக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தான். மறுபடி கூப்பிட்டாள்.

அம்மா தகரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. ஒரு கருவாட்டை எடுத்து, அதன் செதிலை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் போயி சொல்ட்றேன்மா," என்றாள் ப்ரியா. "நைனாகிட்ட மட்டுமாவது."

"சொல்லு." அம்மா நிமிரவில்லை. "சொல்ட்டு வந்து என் மூஞ்சப் பாரு."

*

மாற்று விதைப் பையை எடுத்துக்கொண்டு ப்ரியா படியிறங்கினாள். இரண்டே வார்த்தைதான். 'அவன் செய்யல.' அதற்குப் பிறகு வருவது வரட்டும். ஒவ்வொரு படியிலும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். படிகளின் திருப்பத்தில், மூன்று வருடம் முன்பு அப்பா பக்கத்து வீட்டுக்காரனை அடித்த இடத்தில், கால் கொஞ்சம் தயங்கியது.

வராந்தாவில் அப்பா அதே இடத்தில் இருந்தார். வலையின் பாதி முடிந்திருந்தது. வீட்டு வாசலுக்குள் அவரைத் தாண்டித் தெரிந்த தட்டுப் பலகையில், திலீப்பின் தட்டு மட்டும், இனி அவனுக்குச் சோறு இல்லை என்பது போல, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை அவரே செய்திருக்க வேண்டும். அம்மா மாடியிலேயே இருந்தாள்.

"நைனா," என்றாள்.

"இன்னா?"

அதற்குள் மலர் வந்துவிட்டாள். பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பையிலிருந்து தன் பெயர் எழுதிய கவரை எடுத்து, திருப்பித் திருப்பித் தேதியைப் பார்த்தாள். ப்ரியா கற்றுக் கொடுத்த மாதிரியே பார்த்தாள்.

"ஆங், இதான் விதை! பின்னு அடிச்சி எவ்ளோ சுத்தமா கீது பாரு. ஆமா, கடைக்காரன் இன்னா சொன்னான்? உன் தம்பி வேலதானே?"

வலை ஊசி நின்றது.

அப்பா தலையைத் தூக்கவில்லை. ஆனால் ஊசி, கண்ணிக்குள் பாதி நுழைந்த நிலையில், அப்படியே நின்றது. அவர் காத்திருந்தார். 'இல்லை' என்று யாராவது சொல்ல வேண்டும் என்று இத்தனை நேரம் அவர் காத்துக்கொண்டிருந்தது போல ப்ரியாவுக்குத் தோன்றியது.

மாடிப்படியின் மேல் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா இறங்கி வந்து, திருப்பத்தில் நின்றாள். கையெல்லாம் உப்பு. ப்ரியாவையே பார்த்தாள்.

"சொல்லேன்டி," என்றாள் மலர்.

ப்ரியாவின் விரலில் அந்தச் செதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கையை மூடிக்கொண்டாள்.

"நாளைக்குப் பேசிக்கலாம்க்கா."

"இதுல பேச இன்னா கீது?" மலர் கவரோடு தன் வீட்டுக்குப் போனாள்.

மேலே அம்மா மூச்சை விட்டது கேட்டது.

 அப்பாவின் ஊசி கண்ணிக்குள் முழுதாக நுழைந்து வெளியே வந்தது. நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். அடுத்த கிழிசலுக்குப் போனார்.